டேமேஜ் ரூம்

பட்டாசுக் கம்பெனியில் எது கெட்டுப்போனாலும் அதற்கு ஒரே பெயர்தான், டேமேஜ். திரி கழன்ற சரவெடி, மருந்து உதிர்ந்த கம்பி மத்தாப்பு, ஈரம் ஏறிய புஸ்வாணம், லேபிள் கோணலாக ஒட்டிய பெட்டி, எல்லாமே டேமேஜ். தமிழில் ஒவ்வொன்றுக்கும் ஒரு சொல் இருக்கிறது. சீசன் நேரத்தில் அதையெல்லாம் தேடிக்கொண்டிருக்க யாருக்குப் பொழுது? போன வருடம் பொறி பட்டுச் சண்முகத்தாயின் இடது கை வெந்து, இரண்டு விரல்கள் ஒட்டிப்போனபோதும் அதையேதான் சொன்னார்கள். "கை டேமேஜ் ஆயிருச்சாமே!" பாவிகள், வேறு வார்த்தையா கிடைக்கவில்லை!

வீட்டில் கிடந்த மாதமெல்லாம் அவளுக்கு பேக்கிங் ஷெட் நினைப்புதான். விஸ்வநத்தத்துப் பெண்கள் வரிசையாக உட்கார்ந்து, ஊர்க்கதை பேசியபடி மத்தாப்பை டப்பாவில் அடுக்குவார்கள். அவளுக்கு வாசலோரத்து இடம், நல்ல காற்று வரும். சுவரைப் பார்த்துப் பார்த்து அலுத்தவளுக்கு அந்த இடம் திரும்பக் கிடைத்தால் போதும்.

போய்ப் பார்த்தால், அங்கே புதிதாக வந்த பெண் ஒருத்தி உட்கார்ந்திருந்தாள்.

போர்மேன் தங்கப்பாண்டியன் நல்ல மனிதன்தான். "எங்க, அடுக்கிக் காட்டுங்கக்கா" என்று காலி டப்பாவை நீட்டினான். பல்லைக் கடித்துக்கொண்டு அடுக்கினாள். மற்றவர்கள் அடுத்தடுத்த டப்பாவுக்குப் போய்விட்டார்கள். அவள் பிடியில் ஒரு கம்பி நெளிந்து, மருந்து பொலபொலவென்று உதிர்ந்தது.

"இந்த ஒரு சீசன் மட்டும் டேமேஜ் ரூமுல இருங்கக்கா. நல்லதை மட்டும் மெதுவாப் பொறுக்குனாப் போதும். அடுத்த சீசன்ல பாத்துக்கிடலாம்."

வாசலோரத்து இடத்தை ஒருமுறை திரும்பிப் பார்த்தாள். ஆனாலும் வீட்டுச் சுவர் ஞாபகத்துக்கு வர, தலையாட்டினாள்.

டேமேஜ் ரூமில் கூடையை முன்னால் வைத்துப் பொறுக்கியபடி பலவேசம் மட்டும் இருந்தார். எப்போதோ நடந்த விபத்தில் ஒரு காதைப் பறிகொடுத்தவர். தூக்குவாளியை நகர்த்தி இடம் விட்டார்.

"இந்தப் பக்கமா உக்காருங்கம்மா. அந்தக் காது கேக்காது."

"எனக்கு இந்த ஒரு சீசன்தான் அண்ணாச்சி. அப்புறம் பேக்கிங்குக்குப் போயிருவேன்."

பலவேசம் கையை நிறுத்தவில்லை. "எங்கிட்டயும் அப்பிடித்தான் சொன்னாக. அப்ப எம் மக தொட்டில்ல கெடந்தா."

"இப்ப?"

"இப்ப பேக்கிங்ல இருக்கா. வாசலோரமா எடம் குடுத்துருக்காக."

சண்முகத்தாய் கூடையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.