ஓட்டை போட்ட பஞ்சர்காரர்

பஞ்சர்காரருக்கு ஓட்டை என்றாலே ஜென்மப் பகை. தொட்டித் தண்ணீரில் டியூபை அமுக்கி, குமிழி வரும் இடத்தைக் கண்டுவிட்டால், "மாட்டினியா!" என்பார், திருடனைப் பிடித்த மாதிரி.

அப்பேர்ப்பட்ட மனுஷனின் ஒரே மகளை டெங்கு படுக்கையில் தள்ளிவிட்டது. குளுக்கோஸ் ஏற்றி, ரத்தத்தை அடிக்கடி சோதித்து, ஒருவழியாகத் தேற்றிவிட்டார்கள். இன்று சாயங்காலம் வீட்டுக்கு வருகிறாள். மனுஷன் தலைகால் புரியாமல் நின்றபோதுதான் நர்ஸம்மா சொன்னார்: "இதுல நாலு வகை இருக்கு. வேற வகை வந்தா, ரெண்டாவது தடவை இன்னும் மோசமாகலாம். வீட்டைச் சுத்தி தண்ணி தேங்க விடாதீங்க."

பஞ்சர்காரர் பதறிப்போனார். வீட்டுக்கு ஓடி வந்தால், வாசலில், தேங்கின தண்ணீரைத் தேடி வந்த சுகாதாரப் பணியாளர் அம்மா நிற்கிறார்.

"என் வீட்டுல ஏதும்மா தேங்கின தண்ணி?" என்று எகிறினார்.

கடைக்கும் வீட்டுக்கும் ஒரே தகரக் கூரை. காற்றில் பறக்காமலிருக்க மேலே பழைய டயர்களைப் போட்டிருந்தார். அந்த அம்மா ஏணியில் ஏறி, ஒரு டயருக்குள் டார்ச் அடித்துக் காட்டினார். தெளிந்த மழைத்தண்ணீரில் கொசுப்புழுக்கள் துள்ளிக்கொண்டிருந்தன. ஐயோ, இத்தனை நாளும் இவரேதான் தலைக்கு மேல் வளர்த்திருக்கிறார்!

"டயரை எடுத்தா கூரை பறந்துடுமேம்மா!"

"எடுக்க வேணாம். தண்ணி நிக்காம பண்ணுங்க, போதும்."

அவ்வளவுதான். டிரில்லிங் மெஷினோடு கூரையில் தாவி ஏறினார். ஒவ்வொரு டயரிலிருந்தும் தண்ணீரைக் கவிழ்த்தார், ஒட்டியிருக்கும் முட்டை போக அரத்தால் சுரண்டினார், அடிப்பக்கமெல்லாம் துளைத்துத் தள்ளினார்.

எதிர்க்கடை சலூன்காரர் வாய்விட்டுச் சிரித்தார். "யோவ், ஓட்டை அடைக்கிறவன் ஓட்டை போடறியே, பைத்தியமா?"

"பல்லைக் காட்டாம ஏறி வாய்யா! புள்ள வர்ற நேரமாச்சு!"

சலூன்காரரும் கத்தரியைப் போட்டுவிட்டு ஏறினார். கடைசி டயர் முடியவும், ஆட்டோ வந்து நிற்கவும், மழை பிடித்துக்கொள்ளவும் சரியாக இருந்தது.

மனைவி மகளைக் கைத்தாங்கலாக அழைத்துப்போய்க் கொசுவலைக்குள் படுக்க வைத்தாள். பஞ்சர்காரருக்கு இருப்புக்கொள்ளவில்லை. மழை விட்டதும் விடாததுமாக ஏணியில் ஏறி, ஒவ்வொரு டயருக்குள்ளும் கையை விட்டுத் துழாவினார்.

"அப்பா, தண்ணி நிக்குதாப்பா?" என்று உள்ளிருந்து மகளின் மெலிந்த குரல் கேட்டது.

அவர் தெருவே திரும்பிப் பார்க்கும்படி கத்தினார்:

"இல்லடி கண்ணு! எல்லாம் ஒழுகுது! நல்லா ஒழுகுது!"