மாலையை எங்கே கட்டுவது?

1. ஒரு கேள்விக்குச் சிரித்தார்கள்

எங்கள் கார் கம்பெனியின் ஸ்போர்ட்ஸ் செடானின் புது முகத்தைத் திரை விலக்கிக் காட்டிய நாளில் ரிவ்யூ ரூமில் எல்லோரும் கை தட்டினார்கள். நானும் தட்டினேன். வண்டி அழகாகத்தான் இருந்தது. பழைய மாடலில் முன்பக்கம் பட்டை பட்டையாகக் கம்பி வைத்த பெரிய கிரில் இருக்கும். புது டிசைனில் கிரில்லே கிடையாது. பானட்டிலிருந்து பம்பர் வரை வழவழவென்று மூடிய ஒரே பேனல். காற்று தடையில்லாமல் வழுக்கிப் போகும், பழசைவிடச் சீக்கிரம் வேகம் எடுக்கும் என்றார்கள். பம்பரில் வரிசையாகச் சென்சார்கள். பழைய வண்டியில் எதிரே ஏதாவது இருந்தால் அவை பீப் என்று கத்தும், அவ்வளவுதான். புது வண்டி மெதுவாக ஓடும்போது எதிரே ஏதாவது வந்தால் தானாகவே பிரேக் பிடித்துவிடும்.

நான் வேலிடேஷன் பிரிவில் சீனியர் இன்ஜினியர். டிசைன்காரர்கள் வரைந்து கொடுப்பதை ரோட்டில் ஓட்டி, உலுக்கி, எங்கே தப்பு வருகிறது என்று பார்ப்பது எங்கள் வேலை. புராஜெக்ட் மேனேஜர் கௌதம், "வேற கேள்வி இருக்கா?" என்றார். நான் கை தூக்கினேன்.

"சார், பூஜை போடறப்ப மாலையை எங்க கட்டுவாங்க?"

ரூமே சிரித்தது. கௌதம் சிரிப்பு அடங்கும்வரை காத்திருந்துவிட்டு, "செல்வி மேடம், இது கோடி ரூபா வண்டி. ஷேர் ஆட்டோ இல்ல" என்றார். மறுபடியும் சிரிப்பு.

எனக்குக் காஞ்சிபுரம். எங்கள் ஊரில் மொபெட் வாங்கினாலும் ஜேசிபி வாங்கினாலும் முதலில் கோயில் வாசலுக்குத்தான் போகும். சக்கரத்துக்குச் சக்கரம் எலுமிச்சம்பழம், முகத்தில் சந்தனம் குங்குமம், முன்னால் மாலை. வண்டி விலை ஏற ஏற மாலை பெரிதாகுமே தவிரக் குறையாது. இது கௌதமுக்குத் தெரியாததல்ல. அவர் தாம்பரத்தில் வளர்ந்தவர், தன் சொந்த வண்டிக்கு எலுமிச்சம்பழம் நசுக்கியவர். ஆனால் ரிவ்யூ ரூமுக்குள் நுழைந்ததும் எல்லோருக்கும் சொந்த ஊர் மறந்துபோகிறது. மாலை தொங்கினால் சென்சார் என்ன செய்யும் என்று ஒரு டெஸ்ட் வைக்கலாம் என்றேன். டெஸ்ட் பிளானில் அது இல்லை என்று முடித்துவிட்டார்.

2. ஏகாம்பரம்

வண்டி விற்பனைக்கு வந்த சில மாதங்களில் எங்கள் ஊர்ப் பட்டுக்கடை முதலாளி ஒருவர் அதை வாங்கினார். சென்னை டீலரின் ஆட்கள் கோயில் கோபுரத்தடியில் கொண்டுவந்து நிறுத்தினார்கள். மாலை கட்ட இடமில்லை. இரண்டு முனையையும் பானட் இடுக்கில் செருகி, செல்லோ டேப் ஒட்டினார்கள். கோடி ரூபாய் வண்டிக்குச் செல்லோ டேப்!

முதலாளியும் அவர் மனைவியும் பின்சீட்டில் உட்கார, அவர்களுடைய டிரைவர் ஏகாம்பரம் வண்டியை எடுத்தார். எலுமிச்சம்பழம் நசுங்கியது. மாட வீதியில் திரும்பி ஒரு ஸ்பீட் பிரேக்கரில் ஏறி இறங்கியதும் டேப் பிய்ந்து மாலை பம்பரில் சரிந்தது. எதிரே ஏதோ வந்துவிட்டது என்று நினைத்த வண்டி சடக்கென்று நின்றது. பின்னால் வந்த மொபெட் மோதி, அதில் உட்கார்ந்திருந்த பெண் கீழே விழுந்து மணிக்கட்டு முறிந்தது. கூட்டம் கூடி ஏகாம்பரத்தின் சட்டையைப் பிடித்தது. அன்று சாயங்காலமே முதலாளி அவரை வேலையை விட்டு நிறுத்திவிட்டார்.

உள்ளூர்க்காரி என்பதால் விசாரிக்க என்னை அனுப்பினார்கள். விசாரிக்கப் பெரிதாக ஒன்றுமில்லை. பிரேக் பெடலில் கால் படவே இல்லை, பிரேக் போட்டது சிஸ்டம்தான் என்று வண்டியின் கம்ப்யூட்டரே சொன்னது. கௌதமுக்கு அதை அன்றைக்கே அனுப்பிவிட்டு, ஊரை ஒட்டிய ஓரிக்கையில் ஏகாம்பரத்தின் வீட்டுக்குப் போனேன்.

"காலு பிரேக்காண்டயே போவலமா. தானா நின்னுக்கிச்சு," என்றார். "மொதலாளி கையில சொன்னேன். ஓட்டத் தெரியாம இடிக்க வச்சிட்டு பொய் வேற பேசறியான்னாரு. அந்தப் பொண்ணு கை ஒடஞ்சிக்கினு உக்காந்துகினு இருக்குது. போய்ப் பாத்துட்டு வந்தேன். என்னான்னு சொல்லுவேன்? வண்டி தானா நின்னுதுன்னா யாரு நம்புவாங்க?"

அவர் மனைவி உள்ளேயிருந்து, "வேற எடத்துல வேல கேட்டா, அந்தப் பெரிய வண்டிய இடிக்க வுட்டவரான்னு கேக்கறாங்கமா" என்றார்.

நாங்கள் செய்த வண்டி ஒரு மனுஷனின் சோற்றில் மண்ணள்ளிப் போட்டிருக்கிறது. அதுவும் ரூமில் நான் கேட்டு, எல்லோரும் சிரித்த அதே மாலையால்.

3. மிஸ்யூஸ்

கௌதம் நிதானமாகச் சொன்னார். "எதிர்ல பொருள் இருக்குன்னு சிஸ்டம் பாத்துது, நின்னுது. டிசைன் பண்ணபடி வேலை செஞ்சிருக்கு. மாலை போட்டது கஸ்டமர் மிஸ்யூஸ். அதை ஓனர்கிட்ட சொல்ல முடியாது, கோவிச்சுப்பார். டிரைவர் எரர்னு எழுதி முடிச்சிடுங்க."

ஆக, எங்கள் தப்பும் இல்லை, முதலாளி தப்பும் இல்லை. மிச்சம் இருப்பவர் ஏகாம்பரம்.

மறுநாள் காலை கோயில் வாசலில் ஒரு பெரிய மாலை வாங்கிக்கொண்டு கம்பெனி பஸ்ஸில் ஏறினேன். "யாருக்கு மேடம் கல்யாணம்?" என்று கேட்டவனிடம், "நம்ம டிசைனுக்குக் கருமாதி" என்றேன். டெஸ்ட் டிராக்கில் நானே செல்லோ டேப் ஒட்டினேன். கௌதமையே ஓட்டச் சொன்னேன். ஸ்பீட் பிரேக்கர் தாண்டியதும் மாலை சரிந்தது, வண்டி அடித்து நின்றது, அவர் மூக்குக்கண்ணாடி கழன்று மடியில் விழுந்தது.

"இப்ப யாரோட எரர் சார்?"

கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டார். "மேனுவல்ல ஒரு வரி சேத்துடலாம். முன்பக்கம் அலங்காரப் பொருள் தொங்கவிடாதீங்கன்னு."

டிரைவர் எரர் என்ற ரிப்போர்ட்டில் நான் கையெழுத்துப் போடவில்லை. என்னைத் தாண்டி வேறொருவரிடம் வாங்கிக்கொண்டார்கள்.

4. ஸ்பீக்கரில் ஒரு பதில்

அதன்பிறகு முதலாளியைச் சமாதானப்படுத்த கௌதம் ஸ்வீட் பாக்ஸோடு காஞ்சிபுரம் வந்தார். என்னையும் கூட்டிப்போனார். வாயைத் திறக்காதீர்கள் என்று காரிலேயே சொல்லியிருந்தார். நானும் பல்லைக் கடித்துக்கொண்டுதான் உட்கார்ந்திருந்தேன். காபி வந்தது. கௌதம் இளித்துக்கொண்டே, "உங்க அடுத்த டிரைவருக்கு நாங்களே ஃப்ரீயா ட்ரெய்னிங் குடுத்துடறோம் சார்" என்றார்.

அதற்கு மேல் என்னால் முடியவில்லை. "டிரைவர் ஒண்ணும் பண்ணல சார். அவர் பிரேக்கைத் தொடவே இல்ல. மாலை சரிஞ்சு சென்சார் மேல விழுந்துது, வண்டி தானா நின்னுது. எங்க தப்பு. இவருக்கும் தெரியும்."

கௌதம் காபியைப் பார்த்தார். முதலாளி எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, போனை எடுத்து ஸ்பீக்கரில் போட்டார்.

"ஏகாம்பரம், வண்டி மேலதான் தப்பாம்பா. கம்பெனி இன்ஜினியர் அம்மாவே வந்து சொல்றாங்க. நாளைக்கே வந்துடு."

ஏகாம்பரத்தின் குரல் ஸ்பீக்கரில் வந்தது.

"ஒங்க புள்ளைங்கள ஸ்கூலுக்கு இட்டுக்கினு போனவன் மொதலாளி நானு. அப்ப நம்பி அனுப்புனீங்க. அன்னிக்கி நான் சொன்னதும் இதேதான். இந்தம்மா வந்து சொன்னாத்தான் நெஜம்னா, வேற ஆளப் பாத்துக்கோங்க."

போன் வைக்கப்பட்டது. முதலாளிக்கு முகம் செத்துவிட்டது. உண்மையைச் சொல்லிவிட்டோம் என்று நிமிர்ந்து உட்கார்ந்திருந்த எனக்கும் தலை தாழ்ந்தது.

வாயைத் திறந்ததற்கு எனக்கு மெமோ வந்தது. ரிட்டயர் ஆகும்வரை டிராக் பக்கம் விடாமல் மேஜையில் உட்கார வைத்தார்கள். அடுத்த அப்டேட்டில் பானட் விளிம்புக்கடியில் சின்னதாக இரண்டு கொக்கி வந்தது. மாலை கட்டத்தான். கௌதம் மேடையேறி, "இந்திய வாடிக்கையாளரின் மனசைப் படிச்ச டிசைன்" என்றார். எல்லோரும் கை தட்டினார்கள். நான் தட்டவில்லை. அந்த மேடையில் ஏகாம்பரத்தின் பெயரையோ, கை முறிந்த பெண்ணையோ யாரும் சொல்லவில்லை.

இந்தத் தொழிலுக்கு வரும் பிள்ளைகளுக்கு ஒன்று சொல்கிறேன். 'மிஸ்யூஸ்' என்று டைப் அடிப்பதற்கு முன்னால் உங்கள் வீட்டில் புது வண்டிக்கு என்ன செய்வீர்கள் என்று யோசியுங்கள். 'டிரைவர் எரர்' என்று டைப் அடிப்பதற்கு முன்னால் அந்த டிரைவர் வீட்டு வாசல்வரை போய்விட்டு வாருங்கள். வந்த பிறகும் விரல் அந்த எழுத்தைத் தட்டுமானால், தயவுசெய்து வேறு வேலை பாருங்கள்.

ஏகாம்பரம் இப்போது ஒரு பழைய ஸ்கூல் வேன் ஓட்டுகிறார். அதில் கிரில் இருக்கிறது. வெள்ளிக்கிழமைதோறும் மாலை கட்டுகிறார். அவர் கால் வைத்தால்தான் அது நிற்கும்.