காயிலில் வைத்த பொட்டு

மின்விசிறி பழுதுபார்க்கும் கடையில் இன்று வார்னிஷ் வாசனை மூக்கில் ஏறியதும், திருவண்ணாமலையில் இப்போது லாட்ஜ் நிற்கும் இடத்தில் அப்பா வைத்திருந்த, மோட்டாருக்குக் காயில் கட்டும் பட்டறைக்குள் மறுபடி போய்விட்டேன். அங்கேதான், கீழ்பென்னாத்தூர்க் கிணறுகளிலிருந்து எரிந்துபோய் வந்த மோட்டார்களுக்கு நடுவே, நானும் அக்காவும் பலாப் பலகையை அறுத்து, பழைய ஸ்பீக்கர் காந்தத்தில் தந்தியின் ஒலியைப் பிடிக்க, தலைமுடி போன்ற செம்புக்கம்பியைக் காயிலாகச் சுற்றி, எலக்ட்ரிக் கிட்டார் செய்தோம். "எல்லாம் வெளாட்டு சாமான்" என்றதோடு சரி, அப்பா எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

ஆயுத பூஜையன்று சுத்தியல், ஸ்பேனர் வரிசையில் கிட்டாரும் இருந்தது. அப்பாவே எடுத்து வைத்து, தொழில் சாமான்களுக்கு மட்டும் வைக்கும் சந்தனப் பொட்டை அதன் காயிலின்மேல் கட்டைவிரலால் அழுத்தி வைத்திருந்தார். மறுநாள் ரேடியோவில் இணைத்தால் சத்தமே வரவில்லை. மோட்டாரின் தடித்த கம்பிக்குப் பழகிய அப்பாவின் விரல், அந்த மெல்லிய கம்பியை அறுத்திருந்தது. அக்கா அழுதாள்.

"அழாதம்மா, நான்தான கெடுத்தேன், நானே சுத்தித் தர்றேன்" என்ற அப்பா, மோட்டாருக்காக வாசலில் காத்திருந்த விவசாயியைப் பார்த்துச் சொன்னார்: "நாளைக்கு வாங்க. இன்னிக்கு அவசர வேல ஒண்ணு வந்துடுச்சி."