பாத்தித் தண்ணீரில் போட்ட ஆணி

புதுச்சேரியில் அந்த ஹார்டுவேர் கடைக்காரர் ஆணி அடிக்கும் மிஷினான நெயில் கன்னை எடுத்து மேசைமேல் வைக்கும்போதே எனக்கு அவர்மேல் சந்தேகம் வந்துவிட்டது. உட்கார நாற்காலி போட்டு டீயும் வரவழைத்தார். காரணம் இல்லாமல் யாரும் டீ வாங்கித் தர மாட்டார்கள்.

மாடியில் ஓர் அறை எழுப்ப வேண்டியிருந்தது. கீழ்வீட்டுச் சுவர் செங்கல் பாரம் தாங்காது என்பதால், மரச்சட்டம் நிறுத்தி வெளிப்பக்கம் பிளைவுட் அடிப்பதாக முடிவு. ஆரோவில் பக்கம் இந்த மாதிரி வீட்டு வேலைக்குப் பல வருஷம் போனவன்தான் நான். ஆனால் அங்கே மிஷின் முதலாளியுடையது. இங்கே நானே வாங்க வேண்டும். மகளுக்கு ஏழாம் மாதம். பிரசவத்துக்கு வந்தால் அவளும் குழந்தையும் அந்த அறையில்தான் படுக்க வேண்டும், அதுவும் புயல் மழைக் காலத்தில்.

“கேஸ்ல ஓடறதை எடுத்துக்கங்கண்ணே. கம்ப்ரசர் வேணாம், ஓஸ் வேணாம்” என்றார் கடைக்காரர்.

“ஆணி?”

“அதே கம்பெனி ஆணிதான் போடணும்.”

அதானே பார்த்தேன். ஆயுசுக்கும் இவர் கடை வாசலிலேயே நிற்க வேண்டும். கம்ப்ரசர் காற்றில் ஓடுவதையே கேட்டேன். சட்டத்துக்கு ஒன்று, பலகைக்கு ஒன்று என இரண்டு மிஷின் தள்ளப் பார்த்தார். காற்றைக் குறைத்து வைத்தால் ஒன்றே இரண்டுக்கும் போதும் என்று எனக்குத் தெரியாதா? மிஷின் மூக்கை மரத்தில் அழுத்தினால்தான் ஆணி பாய வேண்டும்; அழுத்தாமலே சுடுகிறதா என்று வெறுங்காற்றில் பலமுறை விசையை இழுத்துப் பார்த்துவிட்டுத்தான் சம்மதித்தேன்.

“எந்த ஊருண்ணே?”

“மரக்காணம்.”

“அப்ப ஸ்டெயின்லெஸ் ஆணி எடுங்க. இந்தப் பாலிஷ் ஆணி வெறும் இரும்பு, உப்புக்காத்துக்கு நிக்காது.”

ஊர்ப் பேரைக் கேட்டுவிட்டு விலை கூடிய ஆணியைத் தள்ளப் பார்க்கிறார் என்று நினைத்தேன். இரண்டிலும் ஒரு பிடி மாதிரிக்கு வாங்கிக்கொண்டு வந்தேன்.

என் மனைவி உப்பளத்தில் வேலை செய்கிறாள். எங்கள் தெருவில் எந்த இரும்புச் சாமானையும், கத்தியானாலும் சைக்கிள் செயினானாலும், உப்பளப் பாத்தித் தண்ணீரில் ஊறப்போட்ட பிறகுதான் நம்புவோம். உப்பு பூக்கும் பாத்தியிலிருந்து, இருப்பதிலேயே உப்புக் கரிக்கும் தண்ணீரைக் கொண்டுவரச் சொன்னேன். இரண்டு வகை ஆணிகளையும் பாட்டிலில் போட்டு இறுக மூடி வைத்தேன். பத்து நாள் கழித்துப் பார்த்தால் இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. பாத்தியிலேயே தாங்கிய ஆணியைக் காற்றா தின்னப் போகிறது? கடைக்குப் போய், “உங்க வியாபாரம் எங்கிட்ட நடக்காது” என்று முகத்துக்கு நேராகச் சொல்லிவிட்டு, பாலிஷ் ஆணியையே பெட்டி பெட்டியாக வாங்கினேன். அன்று எனக்கு ஏகப்பட்ட சந்தோஷம்.

அறையின் மூன்று பக்கம் பலகை அடித்து முடித்திருந்தேன். துணி காயப்போட வந்த மனைவி, நான் பாட்டிலிலிருந்து கைப்பிடிச் சுவரில் கொட்டி வைத்திருந்த ஆணிகளைக் காட்டினாள். பாலிஷ் ஆணிகள் துருப்பிடித்துப் பழுப்பாகி உதிர்ந்துகொண்டிருந்தன. நான் போய்ப் பலகையைப் பார்த்தேன். ஒவ்வொரு ஆணித் தலையைச் சுற்றியும் அதே பழுப்பு.

“தண்ணிக்குள்ளயே முழுவிக் கெடந்தா அவ்ளோ ஆவாதுங்க. எங்க உப்பளத்து மோட்டார் பைப்பும் தண்ணிக்கு மேலதான் மொதல்ல துருப்பிடிச்சுப் போவும். நனைஞ்சு காயற எடம்தான்” என்றாள் மனைவி.

“இதை அப்பவே சொல்லக் கூடாதா?”

“யார் சொல்லி நீங்க நம்பினீங்க?”

பெயின்ட் அடித்தால் ஒருவருக்கும் தெரியாது. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், டப்பாவைத் திறந்தும் விட்டேன். அந்த நேரத்தில்தான் மகள் வந்து இறங்கினாள். மூச்சு வாங்க மாடி ஏறி வந்து, அறை நடுவில் நின்று சுற்றிப் பார்த்தாள். ஏறிய களைப்பில் சுவரில் கையை ஊன்றிக்கொண்டாள்.

“காத்தடிச்சா நிக்குமாப்பா?”

யார்மேலாவது பழி போட முடியுமா என்று அப்போதும் ஒரு நிமிஷம் யோசித்தேன். மிஷின் ஒழுங்காக அடித்திருந்தது. கடைக்காரர் உள்ளதைத்தான் சொல்லியிருந்தார்.

“நிக்காதும்மா” என்றேன். “அப்பா தப்பான ஆணி அடிச்சிட்டேன்.”

அவள் சுவரிலிருந்து கையை எடுத்துக்கொண்டாள்.