ஏழு சாக்கு மண்

சாந்தாமணியின் நாற்றுகளைக் கொன்றவன் நான்தான்.

தெரியாமல் செய்ததல்ல. தெரிந்தே செய்தேன்! ஏழு சாக்கு நோய் மண்ணை என் தோளில் சுமந்துபோய் அவர் வீட்டுக் கொல்லையில் இறக்கினேன். அது நோய் மண் என்று எனக்குத் தெரியும். அவருக்குத் தெரியாது. இன்றுவரை தெரியாது.

உங்களிடம் சொல்கிறேன். உங்கள் முகம் எனக்குத் தெரியாது என்பதால்தான் சொல்ல முடிகிறது. ஐந்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவன் நான். எழுதுவது கஷ்டம். ஆனால் ஒருவர் கண்ணைப் பார்த்துப் பேசுவது அதைவிடக் கஷ்டம்.

தொண்டாமுத்தூர் போகும் சாலையில் எங்கள் வீடு. மோட்டார் பம்பு செய்யும் பட்டறையில் எனக்கு வேலை. மதில் சுவருக்கு அந்தப் பக்கம் சாந்தாமணியின் வீடு. தக்காளி, கத்தரி, மிளகாய் நாற்று விட்டு விற்பவர். லாரி ஓட்டிய அவர் கணவர் விபத்தில் முதுகு அடிபட்டுப் படுத்த பிறகு, அந்தக் குடும்பம் நாற்றை நம்பித்தான் இருக்கிறது.

கைராசி என்றால் எங்கள் பக்கத்தில் சாந்தாமணிதான். புது வீடு கட்டியவர்கள் முதல் கறிவேப்பிலைக் கன்றை நட அவரைத்தான் கூப்பிடுவார்கள். விதையை அவரிடம் கொடுத்து, "சும்மா ஒருக்கா தொட்டுக் குடுங்க, போதும்" என்று வாங்கிப் போகிறவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

நான் கெடுத்தது அந்தக் கையின் பெயரைத்தான்.

எல்லாம் ஓர் உருளைக்கிழங்கில் தொடங்கியது. சமையலறைக் கூடையில் நாலைந்து கிழங்குகள் முளைவிட்டுக் கிடந்தன. தூக்கிப்போட மனம் வரவில்லை. ஒவ்வொரு முளைக்கும் ஒரு துண்டு வருமாறு வெட்டி, இரண்டு நாள் காயவைத்து, மாடியில் ஏழு அரிசிச் சாக்குகளில் மண்ணும் தொழுவுரமும் கலந்து நட்டேன். ஐப்பசி குளிரில் செடி குபுகுபுவென்று எழுந்தது. தண்டு வளர வளர மண் அணைத்தேன். கீழ் இலைகளில் வட்டம் வட்டமாகக் கருகல் வந்தபோது அந்த இலைகளைக் கிள்ளி எறிந்தேன், இலைமேல் தண்ணீர் படாமல் வேரில் ஊற்றினேன், வேப்பெண்ணெய் தெளித்தேன். கருகல் நின்றது. எனக்குப் பெருமை! வாழ்க்கையில் முதல்முறையாக ஒன்றைக் காப்பாற்றியவன் போல நின்றேன்.

என் மனைவி ஸ்டெல்லாவுக்கு மூட்டுவலி. மாடி ஏற மாட்டாள். ஆனால் நான் சொன்னதை ஒன்றுக்கு மூன்றாகச் சொல்வாள். ஞாயிறு பூசை முடிந்து அந்தோணியார் கோவில் வாசலில் நின்று, "எங்க ஊட்டுக்காரரு மாடிலயே உருளக்கெழங்கு வெளைய வெச்சுப்போட்டாருங்க! இனி ஊட்டிக்கு எதுக்குங்க போகோணும்?" என்றாள். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் செருப்பைப் பார்த்தேன்.

அடுத்த வாரம் ஒரு செடி வாடியது.

மஞ்சளாகவில்லை, கருகவில்லை. பச்சையாகவே தலை தொங்கியது. தண்ணீர் போதவில்லை என்று நினைத்து இன்னும் ஊற்றினேன். மாலையில் கொஞ்சம் நிமிர்ந்தது. மறுநாள் வெயிலில் மறுபடி தொங்கியது. பிறகு நிமிரவேயில்லை. அடுத்த சாக்கு... அதற்கடுத்தது...

ஒரு செடியை வேரோடு பிடுங்கி உரக்கடைக்கு எடுத்துப் போனேன். கடைக்காரர் தண்டை அடியில் வெட்டினார். கண்ணாடி டம்ளரில் தெளிந்த தண்ணீர் ஊற்றி, வெட்டிய முனை நனையும்படி பிடித்தார். "பாருங்க" என்றார்.

பார்த்தேன். தண்டிலிருந்து வெள்ளையாக, பாலில் நனைத்த நூல் போல ஒன்று தண்ணீருக்குள் இறங்கியது. மெதுவாக. யாரும் இழுக்காமல் தானாகவே.

கடைக்காரர் டம்ளரை மேசைமேல் வைத்தார்.

"வாடல் நோயிங்க. வெதக் கெழங்குலயே இருந்திருக்கும். வெட்டுன கத்திய ஒவ்வொரு கெழங்குக்கும் தொடச்சீங்களா?"

தலையாட்டி மறுத்தேன்.

"அதான் ஒண்ணுல இருந்தது எல்லாத்துக்கும் ஏறிப்போச்சு. இதுக்கு மருந்து இல்லீங்க. செடியப் புடுங்கி எரிச்சுப்போடுங்க. அந்த மண்ண மட்டும் ஆருக்கும் குடுத்துப்போடாதீங்க. தக்காளி, கத்திரி, மொளகா எல்லாம் இதோட சொந்தக்காரங்கதான். மண்ணுக்குள்ள வருசக்கணக்கா உசுரோட கெடக்கும். மண்ணு தோண்டுன மம்முட்டி, செருப்பு எல்லாத்தையும் கழுவிருங்க. செரிங்களா?"

"செரிங்க" என்றேன்.

இந்தச் சொல்லைப் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டும். மற்றவர்கள் 'சரிங்க' என்பதை நாங்கள் 'செரிங்க' என்போம். ஒப்புக்கொண்டாலும் செரிங்க, ஒப்புக்கொள்ளாமல் பேச்சை முடித்தாலும் செரிங்க. என்னைப் போன்ற கூச்சக்காரனுக்கு ஒளிந்துகொள்ள அதைவிட நல்ல இடம் கிடையாது. சாந்தாமணியே கேலி செய்வார். "அண்ணன் ஒரு நாளைக்கு நாலு வார்த்ததான் பேசுவாரு. அதுல மூணு செரிங்க." ஸ்டெல்லா விடமாட்டாள். "நாலாவதும் அதேதான் அம்மணி. நீங்க கேக்கறதில்ல!"

செடிகளைப் பிடுங்கி மாடியிலேயே எரித்தேன். சாக்குகளில் வெறும் மண் நின்றது. அதை எங்கே கொட்டுவது? நாளைக்கு, நாளைக்கு என்று தள்ளிப்போட்டேன். அதற்குள் ஸ்டெல்லா கேட்டாள்: "கெழங்கு எப்பங்க தோண்டுவீங்க? கோவில்ல எல்லாரும் கேக்கறாங்க."

தோற்றுவிட்டேன் என்று சொல்லியிருக்கலாம். சிரித்திருப்பாள், ஒரு வாரத்தில் மறந்திருப்பாள். ஏன் சொல்லவில்லை? இன்றும் என்னையே கேட்கிறேன்...

தெரிந்தவர் கண்ணில் படாமல் இருக்க ஆர்.எஸ்.புரம் வரை போய், உழவர் சந்தையில் கிழங்கு வாங்கினேன். மலைக் கிழங்கு, சிவப்பு மண் ஒட்டியிருந்தது. என் சாக்கில் இருப்பதோ கறுப்பு மண். மாடியில் உட்கார்ந்து ஒவ்வொரு கிழங்கையும் கழுவிச் சிவப்பைப் போக்கி, சாக்கு மண்ணைப் பிசைந்து பூசினேன். திருடன்கூட இவ்வளவு பொறுமையாக வேலை செய்யமாட்டான்! கூடையில் போட்டுக் கீழே கொண்டுவந்தேன். ஸ்டெல்லா கன்னத்தில் கைவைத்துப் பார்த்தாள். நல்லதாக எட்டுக் கிழங்கு பொறுக்கி மதில் சுவருக்கு மேலே நீட்டினாள்.

மறுநாள் சாந்தாமணி வந்தார்.

"ஏனுங்ண்ணா, கெழங்கு மாவாட்டம் வெந்துச்சுங்க! அது மண்ணோட குணம்தானுங்க. அந்தச் சாக்கு மண்ணு இனி உங்களுக்கு வேணுமுங்களா? நாத்துப் பாத்திக்கு மண்ணு தேடிட்டிருக்கேன். எடுத்துக்கட்டுங்களா?"

இங்கேதான். இந்த இடத்தில்தான்.

"வேண்டாம், அது நோய் மண்" என்று சொல்லியிருந்தால், "அப்போ கெழங்கு எப்படி வந்துச்சு?" என்று கேட்டிருப்பார். பக்கத்தில் ஸ்டெல்லா நின்றாள். டம்ளரும் அந்த வெள்ளை நூலும் கண்முன் வந்தன.

"செரிங்க" என்றேன்.

சாக்கு கனமாக இருக்கும், அம்மணி தூக்கக்கூடாது என்று ஸ்டெல்லா சொன்னாள். அதனால் நானே சுமந்தேன். ஏழு முறை படி இறங்கினேன். ஏழு முறை வாய் திறக்க வாய்ப்பு இருந்தது!

நாற்று அருமையாக வந்தது. அதுதான் இந்த நோயின் கொடுமை. சிறு செடியில் ஒன்றும் தெரியாது. தினமும் காலையில் சுவரோரம் நின்று எட்டிப் பார்ப்பேன். பச்சைப்பசேலென்று நிற்கும். கடைக்காரர் சும்மா பயமுறுத்தியிருக்கிறார், வெயிலில் கிருமியெல்லாம் செத்திருக்கும் என்று என்னையே சமாதானப்படுத்தினேன். நாற்று கட்டுக்கட்டாக விற்றுப் போனது. எங்கெங்கே போனது என்று எனக்குத் தெரியாது.

உங்கள் வீட்டுத் தக்காளிச் செடி, பூ பிடிக்கும் நேரத்தில், பச்சையாகவே ஒருநாள் தலை தொங்கியதா? மாலையில் நிமிர்ந்து உங்களை ஏமாற்றியதா? அப்படியானால்... அது என் மாடியிலிருந்து வந்ததாக இருக்கலாம்.

ஒரு காலை, பெரியவர் ஒருவர் மொபெட்டில் வந்து, காய்ந்த தக்காளிச் செடிகளைச் சாந்தாமணி வாசலில் போட்டார். நான் பட்டறைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தேன்.

"பாருங்க அம்மணி. தக்காளிக் காடு பூராவும் படுத்துருச்சுங்க. உங்க கைராசின்னுதானுங்க இத்தன தூரம் வந்தேன்."

"நான் ஒண்ணும் தப்பா பண்ணலீங்கய்யா... எப்பவும் போலத்தானுங்க வெதச்சேன்."

"நீங்க பண்ணீங்கன்னு நான் சொல்லலீங்க. கை போயிருச்சுன்னா ஆரு என்னங்க பண்ண முடியும்?"

கோபத்திலும் 'ங்க' விடாமல் பேசினார். அவர் வைது தீர்த்திருந்தால்கூடப் பரவாயில்லை. கை போயிருச்சு என்று அவ்வளவு மரியாதையாகச் சொல்லிவிட்டுப் போனார். சாந்தாமணி தன் இரண்டு உள்ளங்கைகளையும் விரித்துப் பார்த்துக்கொண்டு நின்றார்.

அவர் உள்ளே போனதும் கீழே கிடந்த செடிகளில் ஒன்றை எடுத்தேன். ஈரம் மிச்சமிருந்த தண்டு. வீட்டுக்குள் வந்து கண்ணாடி டம்ளரில் தண்ணீர் பிடித்து, வெட்டி வைத்தேன். வராதே, வராதே என்று அந்தோணியாரை வேண்டினேன்.

வந்தது. வெள்ளையாக... மெதுவாக... அதே நூல்.

அதற்குப் பிறகு இன்னும் நாலு பேர் வந்தார்கள். பிறகு யாருமே வரவில்லை. அடுத்த தெருவில் ஒரு புதுமனைப் புகுவிழா. கறிவேப்பிலை நட சாந்தாமணியைத்தான் முதலில் கூப்பிட்டிருந்தார்கள். முந்தின நாள் வந்து, "உங்களுக்கு எதுக்குங்க சிரமம், நாங்களே நட்டுக்கறமுங்க" என்று சொல்லிப் போனார்கள். அன்றிலிருந்து அவர் யாரிடம் பேசினாலும் கையை முந்தானைக்குள் வைத்துக்கொண்டு பேசுகிறார். பால்காரரிடம்கூட.

செய்த பாவத்தைச் சாமியாரிடம் சொல்லி மன்னிப்புக் கேட்கும் பாவசங்கீர்த்தனத்துக்குப் போனேன். முழங்காலிட்டு, "பக்கத்து வீட்டுக்கு மண்ணு குடுத்தேனுங்க சாமி. அவங்க செடி பட்டுப்போச்சு" என்றேன். கிழங்கைப் பற்றிச் சொல்லவில்லை. டம்ளரைப் பற்றிச் சொல்லவில்லை. சாமியார் காதை இன்னும் அருகில் கொண்டுவந்தார். "கேட்டவங்களுக்கு மண்ணு குடுத்தது பாவமாப்பா? அதுக்கா இப்படி நடுங்கற? வேற ஏதாவது இருக்குதா?" என்றார்.

வேறு ஒன்றுமில்லை என்றேன். கடவுளின் காதிலும் பாதிதான் போட்டேன்! அவர் கொடுத்த மன்னிப்பு யாருக்கு? பயத்தில் நடுங்கிய ஒரு நல்லவனுக்கு. அந்த நல்லவன் நான் இல்லை.

போன மாதம் சாந்தாமணி எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றார். முந்தானைக்குள் ஒரு சிறு பொட்டலம்.

"ஏனுங்ண்ணா, ஒரு உதவி. தக்காளி வெத வாங்கிட்டேன். எங்கையில போடமாட்டேனுங்க. உங்க கைதான் முதல்முதல்ல தொட்டதுக்கே கெழங்கு குடுத்த கை. நீங்க வந்து போட்டுக் குடுங்க."

கதவைப் பிடித்துக்கொண்டேன்.

"அம்மணி... அந்த மண்ணு..."

"மண்ணுக்கு என்னங்ண்ணா?"

அவர் என் முகத்தையே பார்த்தார். ஸ்டெல்லா உள்ளேயிருந்து எட்டிப் பார்த்தாள். நான் சொல்ல நினைத்தது உங்களுக்குத் தெரியும். என் வாயிலிருந்து வந்தது வேறு.

"புது மண்ணு போட்டுக்கலாமுங்களே..."

"நல்லாருக்குது போங்க! உங்க மண்ணு இருக்கறப்ப புது மண்ணு எதுக்குங்க? தப்பு மண்ணுல இல்லீங்கண்ணா. எங்கையிலதான்."

அதைச் சொல்லும்போது அவர் கை முந்தானைக்குள் இன்னும் உள்ளே போனது. அந்த நேரத்தில்கூட, அந்த நேரத்தில்கூட என்னால் முடியவில்லை!

"செரிங்க" என்றேன்.

பாத்தியில் குனிந்து உட்கார்ந்தேன். விரலால் கோடு கீறினேன். மண் மெத்தென்று, கறுப்பாக, பார்க்க நல்ல மண்ணாகவே இருந்தது. கிழங்கில் நான் பூசிய அதே கறுப்பு. அவர் பொட்டலத்தைப் பிரித்தார். விதையைத் தன் விரல் தொடாமல் இருக்க, காகிதத்தோடு என் உள்ளங்கையில் கவிழ்த்தார். நான் தூவினேன்.

இது இருபதாவது நாள். நாற்று விரல் உயரம் நிற்கிறது. இன்னும் ஒரு வாரத்தில் பிடுங்கி விற்கலாம். ஆட்களைத் தேடிப் போய், "எங்கையி இல்லீங்க, பக்கத்து ஊட்டு அண்ணன் போட்டது" என்று சொல்லி வருகிறார். மூன்று பேர் வருவதாகச் சொல்லியிருக்கிறார்களாம். அவர் வீட்டு அடுப்பு அந்த மூன்று பேரை நம்பி இருக்கிறது. உரக்கடை வழியாகப் போவதை நான் நிறுத்திவிட்டேன். எங்கள் வீட்டில் கண்ணாடி டம்ளரில் தண்ணீர் குடிப்பதையும் நிறுத்திவிட்டேன், எவர்சில்வரில் குடிக்கிறேன். ஸ்டெல்லா ஏன் என்று கேட்கவில்லை. கேட்டால் என்ன சொல்வேன் என்று எனக்குத் தெரியும்.

இன்று காலையும் சுவரோரம் நின்றேன். சாந்தாமணி பாத்திக்கு அந்தப் பக்கம், முந்தானைக்குள் கையை வைத்தபடி, குழந்தை மாதிரி சிரித்தார். ரொம்ப நாளைக்குப் பிறகு சிரிக்கிறார்.

"பாத்தீங்ளாண்ணா, என்ன தெம்பா நிக்குது! அடுத்த பாத்திக்கும் நீங்களேதான் போடோணும். செரிங்களா?"

நாற்றுகள் காற்றில் தலையாட்டின. ஒன்றுகூட வாடவில்லை... இன்னும்.

"செரிங்க" என்றேன்.