ஞானத்தகப்பனா யாரை நிறுத்துறது

ஏழு. இந்த எண்ணை மறந்துடாதீங்க. பஸ் டிப்போவுல பிரேக் பாக்குற மெக்கானிக்கோட ஒரே மேசையில மதியச் சாப்பாடு சாப்பிடுற கூட்டாளிங்க ஏழு பேரு. இவன் என்ன சொன்னாலும் சிரிப்பாங்க, லேட்டா வந்தா சமாளிச்சு விடுவாங்க. மனுசனுக்கு வேற என்ன வேணும்னு இருந்தான்.

அதுல நெருக்கமானவன் ரேடியோ. வாய் மூடாததால அந்தப் பேரு. மெக்கானிக்குக்குப் பொண்ணு பொறந்த சந்தோசத்துல, எல்லாரும் கேக்க இவன் வாய விட்டுட்டான்: "ஞானஸ்நானத்துல நீதான்டா இவளுக்கு ஞானத்தகப்பன்."

வீட்ல சொன்னப்ப பொண்டாட்டி துணி மடிச்சிக்கிட்டிருந்தா. நிமிரவேயில்ல.

"ரேடியோவா? நல்ல மனுசன்தான். அந்தச் சக்கர விசயத்துல என்ன சொன்னாரு உங்ககிட்ட?"

அது போன மாசக் கதை. ஃபுட்பால் பாக்கப் போற அவசரத்துல மெக்கானிக், ஒரு வண்டியோட பின்சக்கரத்தைக் கழட்டாமலே பாத்தாச்சுன்னு சொல்லிட்டுக் கிளம்பினான். "விடு மச்சான், யாரு கேக்கப் போறா"ன்னான் ரேடியோ. மேசையே சிரிச்சுது.

கேட்டது, அந்த மேசையில சேராத டயர் மாத்துறவன். பேரு பூட்டு, வாயத் தொறந்தா அதிசயம். மைதானத்து வாசல் வரைக்கும் தேடி வந்து நின்னான்.

"வண்டிய வெளிய விடல. வந்து கழட்டு."

"நீ யாருடா என்னைக் கேக்க?"

"யாருமில்ல. வந்து கழட்டு."

திட்டிக்கிட்டே வந்து கழட்டினான். பிரேக் லைனிங் தேஞ்சு, அதைப் பிடிச்சிருக்கிற ரிவெட் ஆணித் தலை பல்லைக் காட்டுச்சு. ஒரு இறக்கம் போதும், அத்தனை சனமும் போயிருக்கும். பூட்டு ஸ்பேனரை எடுத்து நீட்டினான். யார்கிட்டயும் மூச்சு விடல. இவனோ, பொண்டாட்டிகிட்ட ஒளறினதோட சரி, சாமியார்கிட்ட பாவத்தைச் சொல்ற பாவசங்கீர்த்தனத்துல கூட அதைச் சொல்லாம முழுங்கிட்டு வந்தவன்.

"ஞானத்தகப்பன்னா போட்டோவுல நிக்கிற ஆளா?" பொண்டாட்டி கேட்டா. "நாளைக்கு இவ சாமியை விட்டு விலகிப் போனா, தேடிப் போய்க் கூப்பிடணும். உங்களுக்கே வேணாம்னு சொல்லாதவரு, இவளுக்கு எப்படிச் சொல்வாரு?"

"வாக்குக் குடுத்துட்டேனே."

"வாய விட்டதெல்லாம் வாக்கா?"

அந்த வாரம் சாமியார் முன்னால முட்டி போட்டு, சக்கரத்தைப் பத்திச் சொல்லி முடிச்சான். வெளிய வந்து நேரா பூட்டு வீட்டுக்குப் போய், ஞானத்தகப்பனா நிக்கச் சொன்னான். பூட்டு கேட்டுட்டு, "சரி"ன்னான். அவ்வளவுதான் அவன்.

கஷ்டம் அடுத்த நாள். கிரீஸ் கை கழுவுற குழாயடியில ரேடியோவை மறிச்சு, பூட்டுதான் ஞானத்தகப்பன்னு சொன்னான். ரேடியோ முதல் தடவையா பேசாம, நகத்தையே தேச்சுக்கிட்டிருந்தான்.

"பூட்டா?" கடைசியில சொன்னான். "என் பையனுக்கும் அவனை நிறுத்தியிருக்கலாம்டா. நான் உன்னைக் கெடுத்துட்டேன்ல?"

"நானும் கெட்டுப்போகத் தயாராத்தான இருந்தேன்."

மேசைக்கு விசயம் போச்சு. "அண்ணன் சந்நியாசம் வாங்கிட்டாரு"ன்னு சிரிச்சாங்க. இவன் உக்காந்தா பேச்சு நின்னுச்சு. வலிச்சுது, பொய் சொல்லல.

ஞானஸ்நானத்தன்னிக்கு பூட்டு மெழுகுவத்தியைப் பிடிச்சிக்கிட்டு, சாமியார் கேட்டதுக்கெல்லாம் எல்லாருக்கும் கேக்குற மாதிரி பதில் சொன்னான். பாதியில கதவு கிறீச்சுன்னுது. ரேடியோ உள்ள வந்து, கடைசி பெஞ்சுல முட்டி போட்டான்.

மேசையில இருந்த ஏழு பேர்ல கோயிலுக்கு வந்தது, ஒருத்தன்.