பெண்கள் பக்கத்து மெமரி கார்ட்

போன வருடம் ஹஜ்ஜுப் பெருநாள் கழிந்து மூன்றாவது கிழமை, கல்முனையில் நடந்தது இது. எங்கள் உம்மா மௌத்தாகி, அடக்கம் செய்து பதினேழாவது நாள்.

எங்கள் ஊர்க் கல்யாணங்களில் பெண்கள் பக்கத்தைப் பெண்தான் வீடியோ எடுக்க வேண்டும். அந்நிய ஆண் யாரும் பார்க்க மாட்டார் என்று வாக்குக் கொடுத்துத்தான் கெமராவைத் தூக்குவோம். அதுதான் என் வேலை. ஒன்பதாம் ஆண்டோடு பள்ளிக்கூடம் விட்டவள் நான். பெரிய கெமராவின் பொத்தான்களை இடத்தை வைத்துப் பழகினேன், எழுத்தை வைத்து அல்ல.

உம்மா படத்துக்கு நிற்கவே மாட்டார். அடையாள அட்டையில் முறைத்துக்கொண்டு இருப்பது ஒன்றுதான். ஆனால் பக்கத்து வீட்டுக் கல்யாணத்தில் மாப்பிள்ளை வந்து இறங்கியபோது, நான் கெமராவோடு நிற்பதையே மறந்து, நாக்கைச் சுழற்றிக் குரவை போட்டுவிட்டுச் சிரித்தார். எடுத்துவிட்டேன். மூன்றாம் நாள் நெஞ்சு நோகுது என்றார். அவ்வளவுதான்.

துக்கம் கேட்க ஆட்கள் வந்து போன நாட்களில் அந்த மெமரி கார்ட் என் பையிலேயே கிடந்தது. பதினேழாம் நாள் காலை, பார்க்காமல் இருக்க முடியவில்லை. எங்கள் கெமராவுக்கு உரிய பெரிய கார்ட் எங்களிடம் இல்லை. போனில் போடும் சின்னக் கார்டை ஓர் அடப்டரில் செருகி, அதை இன்னொரு பெரிய அடப்டரில் செருகித்தான் ஓட்டுவோம். போட்டதும் கெமரா இங்கிலீசில் ஏதோ கேட்டது. என்ன கேட்டாலும் இடப் பக்கம் இருப்பதை அழுத்துவது என் பழக்கம். அழுத்தினேன்.

கார்ட் வெறுமையாகிவிட்டது.

செருப்புக்கூட மாறிப் போட்டுக்கொண்டு ஆட்டோவில் ஓடினேன். பஸ் நிலையத்துப் பக்கம் ஒரு மாடியில் கெமரா திருத்தும் கடை. அங்கிருந்தவரை அதற்கு முன் கண்டதில்லை. நடந்ததைச் சொல்லிக் கார்டை நீட்டினேன்.

“இது என்ன தங்கச்சி, நகைப் பெட்டி மாதிரிப் பெட்டிக்குள்ள பெட்டி?” என்று சிரித்தார். “போர்மட் ஆன பொறகு புதுசா எடுத்தீங்களா?”

“இல்ல நானா.” அண்ணன் வயது ஆண்களை நாங்கள் அப்படித்தான் கூப்பிடுவோம்.

“நல்லம்.” உள்ளே இருந்த அடப்டரை உருவி, அதன் ஓரத்தில் இருந்த சின்னப் பூட்டை நகத்தால் கீழே தள்ளினார். “இனி இதுல ஒண்டும் பதியாது. தேடிப் பாப்பம்.”

“நானா, இது பெண்கள் பக்கம். நீங்க பாக்கேலா.”

“பாக்காம எப்பிடிப் புள்ள தேடுற?”

கார்டைத் திருப்பித் தருவார் என்று நினைத்தேன். அவர் அதைக் கம்ப்யூட்டரில் செருகி, திரையை என் பக்கம் திருப்பிவிட்டு, மேசைக்கு அந்தப் பக்கம் போய் இருந்தார்.

“நீங்க பாருங்க. நான் சொல்றன்.”

“எனக்கு இங்கிலீசு வாசிக்கத் தெரியா.”

“எழுத்துத் தெரியுமா?”

“தெரியும்.”

“அது காணும், போதும். ஒவ்வொண்டாச் சொல்லுங்க.”

“எஸ்... சி... ஏ... என்...”

“ஆ, அதை அமத்துங்க.”

திரையில் ஒரு பச்சைக் கோடு ஊர்ந்தது. இருந்தேன், எழும்பினேன், திரும்ப இருந்தேன். பகல் தொழுகை லுஹருக்குப் பாங்கு சொன்னார்கள். அவர் தொழுதுவிட்டு வந்தும் கோடு பாதியில்தான் நின்றது. கீழே பஸ்கள் ஹோர்ன் அடித்துக்கொண்டே இருந்தன.

கடைசியில் வரிசையாக வீடியோத் துண்டுகள் வந்தன. சத்தமும் தனக்குக் கேட்கக் கூடாது என்று ஹெட்போனை நீட்டினார். எட்டாவதில் உம்மா. குரவை காதுக்குள் அடித்தது. ஆனால் முகத்தின் மேல் கறுப்புக் கோடுகள் மேலும் கீழும் ஓடின. அழுதுவிட்டேன்.

“என்ன, வரல்லியா?”

“வந்துட்டு. கோடு ஓடுது.”

“ஷட்டர் வேகம் எத்தினையில வெச்சீங்க?”

“இருநூத்தம்பதுல. தெளிவா வரும் எண்டு.”

“எங்கட கரண்டுக்கு அம்பதுல வெக்கணும் புள்ள. இல்லாட்டி பல்ப் வெளிச்சம் அப்பிடித்தான் வெட்டும். எடுத்ததைத் திருத்தேலா. ஏன், பொண்ணு வீட்டுல ஏசுவாங்களா?”

“பொண்ணு இல்ல நானா. என்ட உம்மா. மௌத்தாகிட்டா.”

மௌத்துச் செய்தி கேட்டால் சொல்லும் “இன்னாலில்லாஹி”யை அவர் மெதுவாகச் சொன்னார். பிறகு கேட்டார்.

“கோட்டுக்குள்ளால முகம் தெரியுதா?”

“ஓம். சிரிக்கிறா.”

“அப்ப காணும்.”

நான் எல்லாவற்றையும் வேறொரு கார்டில் ஏற்றி முடிக்கும் வரைக்கும் அவர் மேசையைச் சுற்றி இந்தப் பக்கம் வரவேயில்லை. உம்மாவை எனக்குத் திருப்பித் தந்த அந்த மனிதருக்கு உம்மாவின் முகம் எப்படி இருக்கும் என்று தெரியாது. மௌத்தான பிறகு உம்மாவுக்குக் கிடைத்த மரியாதைகளில் அதுதான் பெரியது என்று இன்றைக்கும் நினைக்கிறேன்.